பணக்காரருக்கு அனுமதி இல்லை: தொழிலாளர்களுக்காக ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த பாப்லோ கசால்ஸ் யார்?

ஆண்டுச் சந்தா 6 பெசேட்டா. சங்கத்தில் சேர ஒரே ஒரு நிபந்தனைதான்: மாதச் சம்பளம் 500 பெசேட்டாவுக்குக் கீழே இருக்க வேண்டும். அதுக்கு மேல சம்பாதிக்கிறீங்களா? மன்னிக்கணும், உங்களுக்கு இங்கே இடமில்லை.

1926-ல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரத்தில் தொடங்கப்பட்ட தொழிலாளர் கச்சேரிச் சங்கத்தின் விதி இது. ஆலைத் தொழிலாளி, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், கடைச் சிப்பந்தி, குமாஸ்தா என்று பலரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார்கள். பீத்தோவனும் பாக்கும் கேட்டார்கள். வாசித்தது ஏதோ கத்துக்குட்டிக் குழு கிடையாது. நகரத்தின் முதல்தர ஆர்க்கெஸ்ட்ரா. அதை நடத்தியவர் அன்றைய உலகின் மிகப் பெரிய செல்லோ கலைஞர், பாப்லோ கசால்ஸ்.

செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள். பாக் எழுதிய முதல் செல்லோ தொகுப்பின் ஆரம்பத்தை விளம்பரத்திலோ சினிமாவிலோ ரீல்ஸிலோ எப்படியும் கேட்டிருப்பீர்கள். அந்த ஆறு தொகுப்புகளை உலகம் இன்று கொண்டாடுவதற்கு முக்கியக் காரணம் கசால்ஸ். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கையில் இருந்த காசையும் நல்ல வயதையும் அவர் எதில் கொட்டினார் என்று பார்த்தால், அது அந்த ஆர்க்கெஸ்ட்ராதான்.

சுரைக்குடுக்கையில் தொடங்கிய கதை

கசால்ஸ் பிறந்தது 1876 டிசம்பர் 29. ஊர், பார்சிலோனாவுக்குத் தெற்கே இருக்கும் எல் வென்ட்ரெல் என்ற சிற்றூர். பகுதியின் பெயர் கட்டலோனியா. ஸ்பெயினுக்குள் இருந்தாலும் தனி மொழி, தனி அடையாளம் கொண்ட மண். அந்த மொழியில் அவர் பெயர் பாப்லோ இல்லை, பாவ். கட்டலான் மொழியில் பாவ் என்றால் சமாதானம் என்றும் பொருள் உண்டு.

அப்பா உள்ளூர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், பாட்டுக் குழுவின் ஆசிரியர். அம்மா பிலார், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் மயாகுவெஸ் ஊரில், கட்டலான் பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் இசைக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் குறைவு. ஊர் ஊராகச் சுற்றும் நாடோடிக் கலைஞர்கள் ஒருமுறை எல் வென்ட்ரெலுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் துடைப்பக் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். சின்னப் பையன் கசால்ஸுக்கு அது பிடித்துப்போனது. அப்பா அவனுக்கு ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையில் தந்தி பூட்டிக் கொடுத்தார். அதுதான் கசால்ஸின் முதல் செல்லோ.

அப்பாவுக்குப் பையன் தச்சு வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. இசை சோறு போடாது என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். அம்மா கேட்கவில்லை. 1888-ல் பையனைக் கூட்டிக்கொண்டு பார்சிலோனாவுக்குப் போனார். நகராட்சி இசைப் பள்ளியில் செல்லோ படிப்பு. அந்தக் காலத்தில் மாணவர்கள் வில் பிடிக்கும் கையின் அக்குளில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். கை அசையக் கூடாதாம். கசால்ஸ் அதை ஏற்கவில்லை. கையை விடுவித்துத் தன் போக்கில் வாசித்தார். இன்று உலகம் முழுக்க செல்லோ வாசிப்பவர்களின் கை அப்படித்தான் அசைகிறது.

செலவுக்காக கிராசியா பகுதியில் இருந்த கஃபே தோஸ்ட் என்ற காபிக் கடையில் மாலை நேரங்களில் வாசித்தார். காபி குடிக்க வந்தவர்கள் வாத்திய இசையைச் சும்மா கேட்டுவிட்டுப் போனார்கள். 13 வயதில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கடையில், அப்பாவோடு நோட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது பாக்கின் அந்த ஆறு தொகுப்புகள் கண்ணில் பட்டன. அதுவரை அவற்றைப் பயிற்சிப் பாடங்களாகத்தான் பலரும் நினைத்திருந்தார்கள். மேடையில் முழுசாக வாசிக்க யாருக்கும் தோன்றவில்லை. கசால்ஸ் சுமார் 12 ஆண்டுகள் தினமும் பயிற்சி செய்த பிறகே அவற்றை மேடையேற்றினார்.

ராணியின் உதவித்தொகை, அம்மாவின் கூந்தல்

அந்தக் காபிக் கடையில் அவர் வாசிப்பதைக் கேட்ட ஒருவர் இசையமைப்பாளர் அல்பெனிஸ். அவர் கொடுத்த அறிமுகக் கடிதம் கசால்ஸை மாட்ரிட் அரண்மனை வரை கொண்டுபோனது. ராணி மரியா கிறிஸ்டினா மாதம் 250 பெசேட்டா உதவித்தொகை கொடுத்தார். பிறகு படிப்புக்காக பிரஸ்ஸல்ஸ் அனுப்பினார்கள். அங்கே செல்லோ பேராசிரியர் வகுப்பு முன்னால் கசால்ஸைக் கிண்டலடித்தார். கசால்ஸ் வாசித்துக் காட்டியதும் வகுப்பே வாயடைத்துப் போனது. பேராசிரியர் இறங்கி வந்து அங்கேயே தங்கச் சொன்னார். மறுத்துவிட்டு அடுத்த நாளே பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். சொன்ன இடத்தில் படிக்கவில்லை என்று உதவித்தொகை நின்றது.

பாரிஸில் உண்மையிலேயே பட்டினி. நாட்டியக் கொட்டகை ஒன்றில் இரண்டாவது செல்லோ வாசித்தார். வண்டிக் காசை மிச்சம் பிடிக்க வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார், உடம்பும் படுத்தது. அம்மா துணி தைத்தார். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் நீண்ட கூந்தல் இல்லை. விற்றுவிட்டார். இதைக் கசால்ஸ் முதுமையிலும் மறக்கவில்லை.

1896-ல் பார்சிலோனா திரும்பியதும் காலம் மாறியது. பழைய பள்ளியிலேயே ஆசிரியர் வேலை. லிசெயு ஓபரா அரங்கில் முதன்மை செல்லோ கலைஞர். 1899-ல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி முன் வாசித்தார். அதே ஆண்டு பாரிஸிலும் புகழ் வந்தது. 1904-ல் அமெரிக்க வெள்ளை மாளிகையில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னிலையில் வாசித்தார். அதற்கு முன்பு, 1901-ல், சான் பிரான்சிஸ்கோ அருகே ஒரு மலையில் ஏறும்போது உருண்டு வந்த கல் அவர் இடக்கை விரலை நசுக்கியது. தந்தியை அழுத்தும் கை அது. அந்த நொடியில் அவருக்கு வந்த முதல் நினைப்பு, அப்பாடா இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்பதாம். அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவர் மனசில் இருந்த ஆசை வேறு. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் ஆக வேண்டும். (பஸ் கண்டக்டர் இல்லைங்க. கையில் சின்னக் குச்சியோடு நின்று, எண்பது பேரையும் ஒரே வாத்தியம் மாதிரி வாசிக்க வைப்பவர்.) விரல் குணமாகிவிட்டது. அந்த ஆசைக்கு இன்னும் 19 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

குண்டு விழுந்த ஓபரா

ஆர்க்கெஸ்ட்ரா கதைக்குப் போகும் முன் அந்த நகரத்தைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

பார்சிலோனா, பஞ்சாலைகளால் வளர்ந்த தொழில் நகரம். முதலாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவே இருந்த பகை, கலை அரங்குக்குள்ளும் வந்தது. 1893 நவம்பர் 7 அன்று லிசெயு ஓபரா அரங்கில், நகரத்துச் செல்வந்தர்கள் உட்கார்ந்திருந்த கீழ்த்தள இருக்கைகளின் மேல் ஓர் அராஜகவாதி குண்டு வீசினான். 20 பேர் இறந்தார்கள். அந்த அரங்கைத் தேர்ந்தெடுத்ததில் தற்செயல் எதுவும் இல்லை. ஓபரா என்றால் பணக்காரன் வீட்டு விசேஷம், அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் கழித்து கசால்ஸ் வேலைக்குச் சேர்ந்தது அதே அரங்கில்தான்.

1919-ல் ஒரு மின்சார நிறுவனத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரத்தையே 44 நாள் முடக்கியது. ஸ்பெயினில் 8 மணி நேர வேலைச் சட்டம் வந்தது அந்தப் போராட்டத்தால்தான். அதன் பிறகு சில ஆண்டுகள் முதலாளிகளின் கூலிப்படையும் தொழிற்சங்கத் துப்பாக்கிகளும் தெருவில் மோதிக்கொண்டன.

அதே நகரத்தில் வேறொரு மரபும் இருந்தது. 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே அன்செல்ம் கிளாவே என்பவர் தொழிலாளர் பாட்டுக் குழுக்களைத் தொடங்கியிருந்தார். சாராயக் கடைக்குப் போகும் நேரத்தில் பாட்டுப் பயிற்சிக்கு வாங்க என்பதுதான் அவர் திட்டம். கசால்ஸின் அப்பா எல் வென்ட்ரெலில் பாட்டுக் குழு நடத்தியதும் இந்த மரபின் நிழலில்தான். ஆக, தொழிலாளிக்குப் பாட்டு புதுசு கிடையாது. ஆர்க்கெஸ்ட்ராதான் எட்டாத உயரத்தில் இருந்தது.

88 பேருக்கு இரட்டைச் சம்பளம்

முதல் உலகப் போர் முடிந்து, 1919-ல் கசால்ஸ் பார்சிலோனாவில் குடியேறினார். வயது 42. உலகத்தின் எந்த நகரம் கூப்பிட்டாலும் கேட்ட சம்பளம் கிடைக்கும் நிலை. ஆனால் சொந்த ஊரில் நிரந்தரமான, தரமான ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. அங்கே இருந்த குழுக்களின் தலைவர்களைப் போய்ப் பார்த்தார். நகரத்தில் அந்த அளவுக்குத் திறமையான கலைஞர்களே இல்லை என்று கையை விரித்தார்கள்.

பிரச்சினை திறமையில் இல்லை, வயிற்றில் இருந்தது. வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் காபிக் கடை, சினிமா கொட்டகை என்று மூன்று நான்கு இடத்தில் வாசித்தால்தான் குடும்பம் ஓடும். பயிற்சிக்கு நேரம் ஏது? கசால்ஸ் வழக்கமான சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, அதை இரட்டிப்பாக்கினார். 88 பேரைத் தேர்ந்தெடுத்தார். பணம் எங்கிருந்து? சொந்தப் பையிலிருந்து. ஆர்க்கெஸ்ட்ரா நடந்தது வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும். மீதி மாதங்களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சுற்றி செல்லோ வாசித்து, வந்த வருமானத்தை இங்கே கொண்டுவந்து கொட்டினார்.

ஒத்திகை தொடங்கும் நேரம் பார்த்து உடம்பு விழுந்துவிட்டது. கண்ணில் நோய், கூடவே கடும் அசதி. மருத்துவர் படுக்கையை விட்டு எழக் கூடாது என்றார். கசால்ஸ் சொல்லியனுப்பினார்: ஒத்திகை நிற்கக் கூடாது, தினமும் வாருங்கள், சம்பளம் வழக்கம்போல் வரும். கண்டக்டர் இல்லாமலே 88 பேரும் வந்தார்கள். சில நாள் கழித்து அவர்களில் சிலர் வீட்டுக்கே வந்து, வேலை நடக்காமல் காசு வாங்க மனசு ஒப்பவில்லை என்றார்கள். பேசியபடி பேசியதுதான், தெரிந்ததை வாசித்துப் பழகிக்கொண்டே இருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

எழுந்து வந்ததும் அவர் எடுத்துக்கொண்ட பாடம் சுவாரஸ்யமானது. வாக்னரின் ஓபராவில் வரும் வால்கிரிகளின் சவாரி என்ற பகுதி. எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த உருப்படி அது. அதனாலேயே அதை எடுத்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, மெதுவாக வாசிக்கச் சொன்னார். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு அரைகுறை என்று அவரவருக்கே புரிந்தது.

1920 அக்டோபர் 13 அன்று பாவ் கசால்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் கச்சேரி நடந்தது. இடம், வண்ணக் கண்ணாடிக் கூரையால் இன்று சுற்றுலாப் பயணிகளை இழுக்கும் பலாவ் இசை அரங்கம். முதல் வயலின் வரிசையை வழிநடத்தியவர் தம்பி என்ரிக். ஆரம்பத்தில் கூட்டம் பெரிதாக இல்லை. செல்லோ வாசிப்பவருக்கு இந்த வேலை எதுக்கு என்ற முணுமுணுப்பும் இருந்தது. வரவு செலவில் விழுந்த துண்டைப் பல ஆண்டுகள் அவரே அடைத்தார்.

இலவசம் இல்லை, கீழ்வரிசை உண்டு

ஆர்க்கெஸ்ட்ரா நிலைபெற்ற பிறகு கசால்ஸை ஒரு கேள்வி அரித்தது. ஆலையிலும் கடையிலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கும் மக்கள் இதைக் கேட்கவே முடியவில்லையே?

சுலபமான வழி, சலுகை விலை டிக்கெட். அதை யோசித்துவிட்டு அவரே ஒதுக்கினார். சலுகை டிக்கெட் என்றால் உச்சி மாடத்தில் இடம். அங்கிருந்து குனிந்து, கீழே நகையும் பட்டுமாக உட்கார்ந்திருக்கும் முதலாளிகளைப் பார்த்துக்கொண்டே கேட்கணும். அது தாழ்வு மனப்பான்மையைத்தான் வளர்க்கும் என்று அவருக்குத் தோன்றியது. தொழிலாளர்களுக்கு என்றே தனிக் கச்சேரி, அதை நடத்துவதும் தொழிலாளர்களே. இதுதான் அவர் போட்ட திட்டம். இன்று கலாச்சாரத்தை எல்லோருக்கும் கொண்டுசெல்கிறோம் என்று சொல்லும் பல திட்டங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கதவைத் திறந்துவிடுவார்கள், யாருடைய வீடு என்பது மாறாது.

தொழிலாளர் கல்வி மையம் ஒன்றை அணுகினார். பட்டென்று ஒத்துக்கொண்டுவிடவில்லை. சந்தேகம் இருந்தது, அது நியாயமும்கூட. அரண்மனையில் வளர்ந்த கலைஞர், ராணியிடம் காசு வாங்கிப் படித்தவர், உலகம் சுற்றுபவர். இவருக்கு நம்மிடம் என்ன வேலை? மேல்தட்டு மனுஷன் போடும் பிச்சையா இது? பேச்சு நடந்தது. கடைசியில் சங்கம் உருவானது. சந்தாவும் சம்பள வரம்பும் அப்போது வந்த விதிகள்தான். 6 பெசேட்டா என்பது கசால்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்த கணக்கு. ஆர்க்கெஸ்ட்ரா செலவில் ஒரு மூலைக்குக்கூட அது காணாது. ஆனாலும் சும்மா கேட்கவில்லை, நம் காசு கொடுத்துக் கேட்கிறோம் என்பதற்கு அந்த 6 பெசேட்டா தேவைப்பட்டது.

அரங்கு நிரம்பியது. முதல் கச்சேரி முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அதே 88 பேர், அதே ஒத்திகை. எளிமையாக இருக்கட்டும் என்று எதையும் வெட்டிக் குறைக்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் தொழிலாளர்கள் தாங்களே எழுதி, தாங்களே நடத்தும் ஃப்ருயிசியோன்ஸ் என்ற இசைப் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். நூலகம் வந்தது. இசை வகுப்பு வந்தது. பிறகு கேட்பதோடு நிற்காமல் வாத்தியத்தைக் கையில் எடுத்து, வேலை நேரம் போக மீதி நேரத்தில் பயிற்சி செய்து, தங்களுக்கென்று ஓர் ஆர்க்கெஸ்ட்ராவே அமைத்துக்கொண்டார்கள்.

காலத்தையும் கவனியுங்கள். 1923 முதல் 1930 வரை ஸ்பெயினில் பிரிமோ தெ ரிவேராவின் ராணுவ சர்வாதிகாரம். பெரிய தொழிற்சங்கம் முடக்கப்பட்டிருந்தது. கட்டலான் மொழிக்குக் கட்டுப்பாடு இருந்தது. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வாரக் கடைசியில் சட்டப்படி ஒன்றுகூடிய இடங்களில் இந்தக் கச்சேரியும் ஒன்று. கசால்ஸ் இதை அரசியலாக நினைத்தாரோ இல்லையோ, அந்த நகரத்தில் அது வெறும் இசையாக மட்டும் இருந்திருக்க முடியாது.

அவருடைய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு உலகப் பெயர்கள் வந்தன. 1927-ல் பீத்தோவன் நூற்றாண்டு நினைவுக்கு பெல்ஜிய வயலின் மேதை இசாயி வந்து வாசித்தார். ஷேன்பர்க்கும் வெபெர்னும் வந்து ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார்கள். இவர்களில் வெபெர்ன், வியன்னாவில் தொழிலாளர்களுக்கான சிம்பொனிக் கச்சேரிகளைப் பல ஆண்டுகள் நடத்தியவர். ஐரோப்பாவின் இரண்டு நகரங்களில், கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரே வேலை நடந்திருக்கிறது. வியன்னாவில் அதை 1934-ல் சர்வாதிகாரம் முடித்துவைத்தது. பார்சிலோனாவுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தது.

1936 ஜூலை 18, மாலை

1931-ல் ஸ்பெயினில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. அதைக் கொண்டாட கசால்ஸ் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை நடத்தினார். உதவித்தொகை கொடுத்த ராணி மேல் கடைசிவரை பாசம் வைத்திருந்தவர்தான் அவர். ஆனால் ஆட்சி என்று வரும்போது அவர் குடியரசின் பக்கம்.

1936 ஜூலையில் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு மாற்றாக, பார்சிலோனாவில் மக்கள் ஒலிம்பிக்ஸ் நடத்த ஏற்பாடு. தொடக்கம் ஜூலை 19. அதற்காக மறுபடியும் ஒன்பதாவது சிம்பொனி. முந்தைய நாள் மாலை இறுதி ஒத்திகை. மூன்று பகுதிகள் முடிந்து, பாடகர் குழு சேர்ந்து பாடும் நான்காவது பகுதி தொடங்க வேண்டிய நேரம். ஆள் ஒருவர் அரசாங்கத்தின் கடிதத்தோடு ஓடி வந்தார். ராணுவம் கலகத்தில் இறங்கிவிட்டது, எந்த நேரமும் நகரத்தைத் தாக்கலாம், கச்சேரி ரத்து, எல்லோரும் உடனே வீட்டுக்குப் போகவும்.

கசால்ஸ் கடிதத்தைப் படித்துக் காட்டினார். மறுபடி எப்போது சந்திப்போம் என்று தெரியாது, பிரியும் முன் இதை முடித்துவிடலாமா என்று கேட்டார். மேடையில் இருந்த எல்லோரும் சம்மதித்தார்கள். மனிதர் எல்லோரும் சகோதரர் என்று பாடும் பகுதி அது. முழுசாக வாசித்து முடித்தார்கள். வெளியே வந்தபோது தெருவில் மக்கள் தடுப்பு அரண்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை துப்பாக்கிச் சத்தம் தொடங்கியது. அமைதி வந்ததும் இதே ஊரில் இதையே மறுபடி வாசிப்போம் என்று கசால்ஸ் சொல்லியிருந்தார். அந்தக் குழுவோடு பார்சிலோனாவில் அது நடக்கவே இல்லை.

மூன்று வருட உள்நாட்டுப் போரில் அவர் வெளிநாடுகளில் வாசித்த காசை அகதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அனுப்பினார். பாக்கின் ஆறு தொகுப்புகளை இசைத்தட்டில் பதிவு செய்ததும் 1936 முதல் 1939 வரையிலான இதே ஆண்டுகளில்தான். இன்று ஸ்ட்ரீமிங் ஆப்பில் தேடினால் கிடைக்கும் அந்தப் பழைய பதிவைக் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஃபிராங்கோ தரப்புத் தளபதி ஒருவர், கையில் சிக்கினால் கசால்ஸின் இரண்டு கைகளையும் முழங்கையோடு வெட்டுவேன் என்று வானொலியில் மிரட்டியதாகக் கசால்ஸே பதிவு செய்திருக்கிறார்.

1938 அக்டோபரில் லிசெயு அரங்கில் குழந்தைகள் நல நிதிக்காக வாசித்தார். இடைவேளையில் வானொலி வழியாக உலக ஜனநாயக நாடுகளிடம் உதவி கேட்டார். உதவி வரவில்லை. 1939 தொடக்கத்தில் பார்சிலோனா வீழ்ந்தது.

வாசிக்க மறுத்தவர்

சுமார் 5 லட்சம் பேர் எல்லை தாண்டி பிரான்சுக்குள் வந்தார்கள். கடற்கரை மணலில் முள்வேலி முகாம்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பிராட் என்ற சிற்றூரில் கசால்ஸ் தங்கினார். வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு உலகம் முழுக்கக் கடிதம் எழுதினார். உணவு, துணி, மருந்து வாங்கி லாரியில் ஏற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனார். ஜெர்மனி பிரான்சைப் பிடித்த பிறகு அதிகாரிகள் வீட்டுக்கே வந்து, பெர்லினில் வாசிக்க அழைத்தார்கள். கையில் வாதம் என்று சொல்லித் தப்பித்தார்.

போர் முடிந்ததும் ஃபிராங்கோவும் போய்விடுவார் என்று நம்பினார். பிரிட்டனும் மற்ற நாடுகளும் ஃபிராங்கோவைத் தொடவில்லை. 1945-ல் பிரிட்டனில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது இது புரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தர முன்வந்த கௌரவப் பட்டங்களை மறுத்தார். மேடையில் வாசிப்பதையே நிறுத்தினார். கலைஞர்கள் அரசியல் பேசணுமா கூடாதா என்று நாம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவர் பேசவில்லை, வாசிக்காமல் இருந்தார். அந்த மௌனம் 1950 வரை நீடித்தது. பாக்கின் 200-வது நினைவு ஆண்டில், அவர் வரமாட்டார் என்பதால் இசைக் கலைஞர்களே பிராட்டுக்குத் திரண்டு வந்து விழா எடுத்தார்கள்.

இதில் முரண்பாடுகளும் உண்டு. 1950-களின் நடுவில் அவர் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ, ஃபிராங்கோவோடு ராணுவ ஒப்பந்தம் போட்ட அமெரிக்காவின் ஆளுகையில் இருந்த தீவு. 1961 நவம்பரில், முதல் முறை வாசித்து 57 ஆண்டுகள் கழித்து, கென்னடியின் அழைப்பில் வெள்ளை மாளிகையில் மறுபடி வாசித்தார். கென்னடி மேல் இருந்த நம்பிக்கை என்று அதற்குக் காரணம் சொன்னார். 1957-ல் 80 வயதில், 20 வயது மாணவி மார்தாவை மணந்தார். அப்போதும் பலர் புருவம் உயர்த்தினார்கள்.

போர்ட்டோ ரிக்கோவில் அவர் சும்மா ஓய்வெடுக்கவில்லை. 1957-ல் அவர் பெயரில் இசை விழா தொடங்கியது. முதல் ஒத்திகையிலேயே மாரடைப்பு வந்து, பிழைத்தார். அடுத்த ஆண்டு போர்ட்டோ ரிக்கோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா உருவானது. தொடர்ந்து இசைக் கல்லூரி. தீவின் ஊர்களுக்கு இசையைக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் கச்சேரி, 1958 நவம்பரில், தலைநகர் சான் ஹுவானில் நடக்கவில்லை. மயாகுவெஸில் நடந்தது. கூந்தலை விற்று மகனைக் காப்பாற்றிய பிலார் பிறந்த ஊர் அது. அந்த ஆர்க்கெஸ்ட்ரா இன்றும் இயங்குகிறது.

கசால்ஸ் 1973 அக்டோபர் 22 அன்று சான் ஹுவானில் காலமானார். வயது 96. ஃபிராங்கோ இருக்கும்வரை ஸ்பெயினுக்குள் குடியிருக்க மாட்டேன் என்ற முடிவிலிருந்து கடைசிவரை இறங்கவில்லை. ஃபிராங்கோ இறந்தது 1975 நவம்பரில். 1979-ல் கசால்ஸின் உடல் தோண்டி எடுக்கப்பட்டு, கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, எல் வென்ட்ரெல் ஊர்க் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.